கரையில் ஒரு வீடு, சுற்றிலும் கோடுகள்



காலியாகக் கிடக்கும் அலுவலகக் கட்டடத்தை வீடாக மாற்ற, முழுமையான திட்ட அனுமதி தேவையில்லை என்று 2013-இல் இங்கிலாந்து விதியைத் தளர்த்தியது. வீடுகள் வேகமாகக் கிடைத்தன. ஜன்னலே இல்லாத வீடுகளும் அவற்றோடு வந்தன. 2020-இல் வெளியான ஆய்வில், அப்படி மாற்றிய வீடுகளில் சுமார் 22 விழுக்காடுதான் வீட்டுப் பரப்புக்கான தேசிய அளவை எட்டியிருந்தன. அதற்குப் பிறகே இயற்கை வெளிச்சமும் குறைந்தபட்சப் பரப்பும் கட்டாயமாயின.

இனி நம் பழவேற்காட்டுக்கு வருவோம். இங்கும் வணிகம் கைவிட்டுப்போன கட்டடங்கள் உண்டு. டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையின் துணி வணிகத்தை இங்கிருந்து நடத்தினார்கள். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போனது. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் வசமானது. கோட்டை இருந்த இடத்தில் இப்போது புதர் மண்டிக் கிடக்கிறது. டச்சுக் கல்லறையோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய வீடு கட்டக்கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர்வரை அனுமதி வாங்கித்தான் கட்டலாம்.

ஊரைவிட்டு மீனவர் குப்பங்களுக்குப் போனால், அங்கே வேறொரு கோடு காத்திருக்கிறது. மகனுக்குக் கல்யாணமாகிறது, பக்கத்தில் ஓர் அறை போட வேண்டும். 2011-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி, கிராமப்புறக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது என்று இருந்தது. மீனவர் போன்ற மரபுவழிக் கடலோர மக்களின் வீடுகளுக்கு மட்டும் 100 மீட்டரிலிருந்து 200 மீட்டர்வரை வழி இருந்தது. முறையான அனுமதி பெறாத அவர்களுடைய பழைய வீடுகளை வரன்முறைப்படுத்தவும் அந்த அறிவிக்கை இடம் தந்தது. நிபந்தனை இரண்டு: வீட்டை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, வெளியாருக்கு விற்கக் கூடாது. 2019-இல் வந்த அறிவிக்கையோ, வீட்டின் பரப்பும் முகப்பும் மாறாமல் சுற்றுலாப் பயணிகளைத் தங்கவைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. இங்கிலாந்தில் அலுவலகம் வீடாகிறது. இங்கே வீடு கடையாகிவிடாமல் காக்கும் விதி, கொஞ்சம் கதவைத் திறந்திருக்கிறது.

அந்தக் கதவு வழியே யார் நுழைவார்கள் என்பதுதான் கவலை. சென்னைக்கு இத்தனை பக்கத்தில் ஏரியும் கடலும் சேர்ந்த இடம் என்றால், பணம் தேடி வரும். மீனவரின் வீடோ நான்கு சுவரோடு முடிவதில்லை. வலை பின்னும் நிழல், கருவாடு காயும் களம், படகு ஏற்றும் மணல் எல்லாம் அதில் சேர்ந்தவை. களம் போனால் வீட்டில் அடுப்பெரியாது.

களத்தைக் காக்கவும் 2011 அறிவிக்கையில் வழி இருக்கிறது. மீனவ கிராமங்களையும், மீன் காயவைக்கும் இடங்களையும், பொதுச் சொத்துகளையும் சர்வே எண் தெரியும் வரைபடத்தில் காட்ட வேண்டும். மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்கு மாநில அரசு திட்டம் தீட்ட வேண்டும். வரைபடத்தில் இல்லாத களத்துக்காக நாளைக்கு வாதாடுவது கடினம்.

ஆகவே, அந்த வரைபடத்தின் வரைவு கருத்துக் கேட்புக்கு வரும்போது, உங்கள் ஊர்ப் பஞ்சாயத்து அதை விரித்துவைத்துப் பார்க்கட்டும். குப்பம் இருக்கிறதா, களம் இருக்கிறதா, பிள்ளைகள் வீடு கட்ட மனை இருக்கிறதா? இல்லையென்றால், கெடு முடியும் முன்னே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.