சாளம்பைக்குளத்துக் காற்று

வவுனியா நகரத்துக் குப்பை மன்னார் வீதியால் பம்பைமடுவில் கொட்டும் இடத்துக்குப் போகிறது. பக்கத்தில் சாளம்பைக்குளம். இடம்பெயர்ந்து, மீளக் குடியேறிய முஸ்லிம் மக்களின் ஊர். 2019ஆம் ஆண்டில் அந்த மக்கள் குப்பை வண்டிகளை மறித்துப் போராடினார்கள்.

அவர்கள் போராடியது நியாயம்தான். சோற்றுத் தட்டில் இலையான் மொய்த்தால் யார்தான் பொறுப்பார்?

இலங்கையின் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் அழுகும் கழிவு. கொட்டிக் குவித்தால் அடியில் காற்றுப் படாது; மீதேன் வாயு பிறக்கும். மழை பெய்தால் கறுத்த கழிவுநீர் கசியும். அடியில் தடுப்பு இல்லையென்றால் அது நிலத்தடி நீரில் கலக்கும். கிணற்றை நம்பி வாழும் வன்னியில் இது சின்ன விசயமில்லை. அதே குப்பையைப் பிரித்து, கிளறி, காற்றோட்டமாக வைத்தால் சில மாதங்களில் கூட்டெருவாகிவிடும். பிளாஸ்டிக்கும் பற்றரியும் கலந்துவிட்டால் எந்தக் கூட்டெரு நிலையமும் தடுமாறும்.

கொழும்பு மீதொட்டமுல்லையிலும் குப்பை மேட்டுக்கு எதிராக மக்கள் பல வருடம் கத்தினார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் அந்த மேடு சரிந்தது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

வவுனியா நேயர்களே, இன்று காலை மரக்கறித் தோலைப் புறம்பாகப் போடுங்கள். கிணற்றுநீரைப் பரிசோதித்து முடிவைச் சாளம்பைக்குளத்துக்குச் சொல்லும்படி அதிகாரிகளையும் கேளுங்கள்.