கண்டிச் சீமைக்குப் போனவர்களும் அந்நாட்டின் விடுதலையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



அடிமைப்பட்ட நாடுகள் விடுதலை பெற்ற வரலாற்றைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். உலகம் முழுவதையும் சுற்றி வர நேரம் போதாது. ஆகவே நமக்கு மிக அண்மையில் உள்ள ஒரு நிலப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். நம் சாத்தான்குளத்திலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் சென்று, அங்கிருந்து ஓரிரவுக் கடற்பயணத்தில் அடையக்கூடியதாக இருந்த நாடு அது. நம் பாட்டன்மார் அதனைக் ‘கண்டிச் சீமை’ என்றனர். இலங்கையின் மலைநாடுதான் அக்கண்டிச் சீமை. அதனைக் காடாகக் கண்டு தோட்டமாக்கியவர்களில் நெல்லைச் சீமையின் தாழ்த்தப்பட்ட மக்கள் பெருந்தொகையினர். அந்நாடு விடுதலை பெற்றபோது அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதே நாம் இன்று ஆராயக் கருதும் பொருள்.

கண்டி அரசு ஆங்கிலேயர் கைக்கு வந்தது 1815-ஆம் ஆண்டில். 1820-களில் கம்பளைப் பகுதியில் காப்பி பயிரிடத் தொடங்கினர். நல்ல விலை கிடைக்கவே, மலைகளின் மீது துரைமார்களின் கண் விழுந்தது. 1840-இல் அரசு ஒரு சட்டம் செய்தது. உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காடும் தரிசும் முடியரசின் நிலமாகக் கொள்ளப்படும் என்பது அதன் சாரம். கண்டிச் சிங்கள உழவன் தலைமுறை தலைமுறையாகச் சேனைப்பயிர் செய்து வந்த காட்டிற்குப் பத்திரம் ஏது? அந்நிலம் ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்ற விலைக்கு விற்கப்பட்டது. ஆளுநர்களும் உயர் அதிகாரிகளுமே வாங்கித் தோட்ட முதலாளிகள் ஆயினர். இதனை நாம் முதலிலேயே சொல்லி வைப்பதற்குக் காரணம் உண்டு. பின்னாளில் சிங்கள உழவர் நம் மக்களைத் தம் நிலத்தைப் பறித்தவராகக் கருதினர். பறித்தவன் வேறு, அதில் குழி வெட்டக் கொண்டுவரப்பட்டவன் வேறு. ஆனால் பசித்த இரு கூட்டத்தார் எதிரெதிரே நிற்கும்போது இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்வார் குறைவு.

சிங்கள உழவன் தன் வயலை விட்டுக் கூலிக்கு வர விரும்பவில்லை. எனவே ஆள் தேடித் தமிழகத்துக்கு வந்தனர். இங்கே நம் நிலைமை எவ்வாறு இருந்தது? தாமிரபரணிக் கரையில் நஞ்சை இருந்தது. அதில் நமக்கு உழைப்பு இருந்ததேயன்றி உரிமை இல்லை. இந்தப் பக்கம் தேரி மணலில் இடம் இருந்தது, நீர் இல்லை. மழை பொய்த்தால் குளம் வறண்டது. குளம் வறண்டால் அடுப்பு அணைந்தது. 1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி இவ்வவையில் விரிக்க வேண்டுவதில்லை. கையில் முன்பணமும் வாயில் இனிய சொற்களுமாகக் கங்காணி வந்து நின்றபோது, போகாமல் இருந்தவர்களே வியப்புக்குரியவர்கள்.

தொடக்க காலத்தில் சென்றவர்கள் பாய்மரப் படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து ஏறத்தாழ 150 மைல் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். குடிநீர் இல்லை, வாந்திபேதியும் மலைக் காய்ச்சலும் உடன் நடந்தன. 1841 முதல் 1849 வரை வந்தவர்களுள் சுமார் 70,000 பேர் மாண்டனர் என்று கொழும்பு ‘அப்சர்வர்’ பத்திரிகை 1849-இல் கணக்கிட்டது. நாலில் ஒருவர் என்பது அதன் மதிப்பீடு. பின்னர்த் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பல்கள் ஓடின. நம் பகுதியினர் அவ்வழியே சென்றனர். மணியாச்சிக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இன்று இரயிலில் நாம் கடந்து செல்லும் தட்டப்பாறையில் அவர்களைத் தங்கவைக்கும் முகாம் இருந்தது. 1914-இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் வழி திறக்கப்பட்டது. மண்டபம் முகாம் பெருகியது.

இனிக் கங்காணியின் ‘துண்டு’ என்னும் சீட்டைப் பற்றி இளைஞர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். கப்பல் கூலி, வழிச் செலவு, அரிசி, கம்பளி எல்லாம் தொழிலாளியின் கணக்கில் கடனாக எழுதப்பட்டன. வேலை செய்யத் தொடங்கு முன்பே அவன் கடன்காரன். வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால், பழைய துரை ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். இத்தனை ரூபாய்க் கடனைத் தீர்த்தால் இந்த ஆளை விடுவிப்போம் என்பது அதன் பொருள். புதிய துரை அத்தொகையைக் கட்டி ஆளைப் பெறுவார். தொகை மீண்டும் அதே ஆளின் தலையில் ஏறும். மாட்டைக் கைமாற்றும் சந்தையில்கூட விலை மாட்டின் மீது கடனாக நிற்பதில்லை! தன் விலை எழுதிய தாளைத் தானே மடியில் சுமந்து சென்றான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க அவனுக்குத் தெரியாது. 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் அத்துண்டு முறை ஒழிந்தது.

கடல் கடந்தால் சாதி கடக்குமா என்று கேட்பீர்கள். சென்றவர்களுள் பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், அருந்ததியர் முதலிய நம் வகுப்பினர். பெரிய கங்காணிகளோ பெரும்பாலும் நிலமுள்ள சாதியினர். லயத்துக் காம்பிராக்கள் பிரிக்கப்பட்டபோது ஊரின் ஒழுங்கே மலையிலும் பின்பற்றப்பட்டது. கொழுந்துக்குத் தீட்டு இல்லை, லயத்துக்கு இருந்தது. நம் மாவட்டத்துச் சேரியிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குச் சென்ற மருதி என்னும் பெண்ணின் கதையைப் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் எழுதியுள்ளார். சங்க நூலகத்தில் இல்லையெனில் வாங்கி வைத்தல் நலம்.

காப்பிக்குப் பறிப்புக் காலம் உண்டு. அக்காலம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். 1869-இல் இலைநோய் தோன்றி, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. ஜேம்ஸ் டெய்லர் 1867-இலேயே லூல்கந்துரையில் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குப் பெண்களும் வேண்டும். குடும்பம் குடும்பமாக மக்கள் நிலைத்தனர். மலையிலேயே பிறந்தனர், மணந்தனர், புதைந்தனர். பயிர் மாறியதனால் வந்துபோகும் கூலி குடிமகனாக மாறினான் என்று நாம் கொள்வதில் தவறில்லை. ஆனால் சட்டம் அவ்வாறு கொள்ளவில்லை.

இப்போது ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரை மனத்தில் கொள்ளுங்கள். மூத்தவன் கண்டிச் சீமைக்குப் போனான். இளையவன் இங்கேயே பனங்காட்டிலும் பிறர் வயலிலும் உழைத்தான். 1931-இல் டொனமூர் அரசியல் திட்டத்தின்படி இலங்கையில் வயது வந்த ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வந்தது. ஐந்தாண்டு வசிப்பு முதலிய நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தோட்டத் தொழிலாளரும் வாக்களித்தனர். அட்டன் தொகுதியில் பெரி சுந்தரம் வென்று அமைச்சரும் ஆனார். அப்பொழுது சென்னை மாகாணத்தில் சொத்தும் வரியும் படிப்பும் பார்த்தே வாக்கு வழங்கப்பட்டது. ஆக, மூத்தவனுக்கு வாக்கு உண்டு, இளையவனுக்கு இல்லை.

வாக்கோடு அமைப்பும் வந்தது. தஞ்சையிலிருந்து சென்ற கோ. நடேசய்யர் துண்டுப் பிரசுரங்களாலும், அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் தெருக்களில் பாடிய பாடல்களாலும் தோட்ட மக்களை விழிக்கச் செய்தனர். 1939-இல் நேரு இலங்கை சென்றதையொட்டி இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் காவலர் துப்பாக்கிக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். 1947 பொதுத் தேர்தலில் அக்காங்கிரஸ் ஏழு இடங்களைப் பெற்றது. வேறு பல தொகுதிகளில் தோட்ட மக்களின் வாக்கு இடதுசாரிகளுக்கு வலிமை தந்தது. இதுவே அவர்களுக்கு வினையாக முடிந்தது என்பது நம் கருத்து.

1948 பிப்ரவரி 4-ஆம் நாள் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தவர் என்றோ மெய்ப்பிக்க வேண்டும். லயத்தில் பிறந்தவனிடம் தன் பிறப்புச் சான்றே இல்லாதபோது தந்தையின் சான்றுக்கு எங்கே போவான்? 1949-இல் மற்றொரு சட்டம். 1946 ஜனவரி முதல் தேதிக்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது வசித்ததைக் காட்டினால் பதிவு செய்துகொள்ளலாம் என்றது. தாய் இறந்ததற்கு ஊர் வந்து போனவர்களுக்கு அதுவே இடைவெளியாகக் கணக்கிடப்படும் அபாயம் இருந்தது. ஏறத்தாழ எட்டு லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேரளவிலேயே ஏற்கப்பட்டனர். அதே 1949-இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. குடிமகன் அல்லாதவனுக்கு வாக்கு இல்லை. யாழ்ப்பாணத் தமிழ்த் தலைவர்களுக்குள்ளேயே இதனால் பிளவு நேர்ந்தது. ஜி. ஜி. பொன்னம்பலம் அமைச்சரவையில் சேர்ந்தார். எதிர்த்து நின்ற செல்வநாயகம் வெளியேறித் தனிக்கட்சி கண்டார்.

இங்கே, 1950 ஜனவரி 26 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு ஆக்கிய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தீண்டாமை ஒழிக்கப்பட்டதாக அறிவித்தது. வயது வந்தார் அனைவர்க்கும் வாக்கு அளித்தது. 1952 தொடக்கத்தில் இளையவன் சாத்தான்குளத்தில் முதன்முறையாக வாக்களித்தான். அதே 1952-இல் இலங்கையில் தேர்தல் நடந்தது. மூத்தவனின் பெயர் பட்டியலில் இல்லை. பாராளுமன்றத்தில் இருந்த ஏழு பேருள் ஒருவரும் திரும்பவில்லை. தொழிலாளர் சத்தியாக்கிரகம் செய்தும் பயனில்லை. இருபது ஆண்டுகளில் தராசு தலைகீழாயிற்று. இரு நாடுகளும் விடுதலை பெற்றவையே. ஒன்று தன் நிலத்து உழைப்பாளியை எண்ணிக்கையில் சேர்த்தது, மற்றொன்று நீக்கியது. நம் அரசியல் சட்டத்தைச் சாதாரணமாக எண்ணும் இளைஞர்கள் இவ்வொப்பீட்டை மறவாதிருத்தல் நன்று. இந்திய அரசும் அம்மக்களைத் தன் குடிமக்களாக ஏற்கவில்லை. இரு கரையிலும் இல்லாதவர்களாக அவர்கள் நின்றனர்.

1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 பேர் கணக்கெடுக்கப்பட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாக ஒத்திவைத்தனர். 1974-இல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பங்கிட்டனர். அம்மக்களை ஒரு வார்த்தை கேட்டார்களா என்று வினவினால் விடை வருத்தம் தருவது. அவ்வொப்பந்தத்துக்குப் பின் இரண்டு மாதம் ஆகுமுன், 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. திரும்பியோரின் கப்பல் இராமேசுவரத்துக்கு வந்தது. 1984-இல் போரினால் அதுவும் நின்றது. அதற்குள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்திருந்தனர். சிலர்க்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை. பலர்க்குச் சிறு தொழிற்கடன். கொழுந்து கிள்ளவே பழகிய கைக்குக் கடை வைக்கக் கடன் கொடுத்தால் அது எத்தனை நாள் தாங்கும்?

அங்கேயே இருந்தவர்களுக்கு 1988, 2003 ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமைச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. விடுதலை வந்து ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு! 2023-இல், மலையகம் சென்ற இருநூறாண்டை நினைவுகூர்ந்து, அம்மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு முன்னோர் சென்ற வழியே நடந்தனர். ஆயினும் தாம் வாழும் லயத்துக்கு உரிமைப் பத்திரம் இல்லாதோர் இன்னும் ஏராளம். நிலத்தைப் பொறுத்தவரை நெல்லை மாவட்டத்தின் மாஞ்சோலையும் இதற்கு விலக்கன்று. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகையில் கம்பெனி எடுத்த மலை அது. அங்கிருந்த தொழிலாளர் கோரிக்கைக்காக 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் ஊர்வலம் சென்று, தாமிரபரணியில் பதினேழு உயிர்களை இழந்ததை இவ்வவையில் அறியாதார் இல்லை.

கல்வியைப் பற்றி ஒரு சொல். இலங்கையில் 1945-இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் அதன் முழுப் பயனையும் பெறவில்லை. பெரும்பாலும் ஓராசிரியர், ஐந்தாம் வகுப்புக்குள் முடிவு. 1970-களில்தான் அரசு அவற்றை ஏற்கத் தொடங்கியது. படிக்கத் தெரிந்திருந்தால் குடியுரிமை கிடைத்திருக்கும் என்று நாம் சொல்லவில்லை. சட்டமே வாசலை அடைக்க எழுதப்பட்டது. ஆனால் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவும், எந்தத் தாளைக் காத்து வைக்க வேண்டும் என்று சொல்லவும் லயத்துக்கு ஒருவர் இருந்திருப்பின், தப்பியவர் தொகை கூடியிருக்கும் என்று துணிந்து சொல்வோம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பெயரும் பிறந்த நாளும் எழுதும் பணியில் முப்பதாண்டை நெருங்குகின்றோம். ஒரு வரியில் நேரும் பிழை பிள்ளையைச் சாதிச் சான்றுக்கும் உதவித்தொகைக்கும் எத்தனை முறை அலையவிடும் என்பதைக் கண்டுவருகின்றோம். தாயகம் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் சாதிச் சான்று பெறப் பட்ட தொல்லை இதனினும் பெரிது.

ஆகவே இளைஞர்களுக்கு ஒரு வேலை வைக்கின்றோம். நம் வீடுகளின் தகரப் பெட்டிகளிலும் பரண்களிலும் கண்டிச் சீமையிலிருந்து வந்த கடிதங்கள், தோட்டத்துப் பற்றுச்சீட்டுகள், மண்டபம் முகாமின் சீட்டுகள், தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டைகள் கிடக்கக்கூடும். கரையான் அரிக்குமுன் அவற்றைச் சங்க நூலகத்துக்குக் கொண்டுவந்து படி எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எழுபது வயது கடந்தவர்களிடம், தம் வீட்டில் யார் போனார், எந்தத் தோட்டம், எவர் திரும்பவில்லை என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அடுத்த மாதப் பொதுக்குழுவுக்கு அக்குறிப்பேட்டுடன் வாருங்கள்.