ஏற்காட்டுத் தண்ணி எங்கே போச்சு?



வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். எடப்பாடிப் பக்கம் சரபங்கா நதியில் ஒரு பாலம். அதற்கு நீர்ப்பிடிப்புப் பரப்பைக் கணக்கிட வேண்டும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி ராடாரில் அளந்த உயரப் படத்தை எடுத்துக்கொண்டேன். அது ஒரு பாகைக்கு ஒரு பாகை என்று கட்டம் கட்டமாக வரும். எடப்பாடி இருந்த கட்டத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டேன். பரப்பு ரொம்பக் குறைவாக வந்தது.

கூட இருந்த சர்வேயர் அண்ணன் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, ஏற்காட்டுத் தண்ணி எங்கே போச்சு?" என்றார்.

ஓமலூரும் சேர்வராயன் மலையும் 78-ஆம் தீர்க்கரேகைக்குக் கிழக்கே, அடுத்த கட்டத்தில் இருக்கின்றன! அந்தக் கணக்கில் பாலம் கட்டியிருந்தால் ஒரு பெருமழைக்குத் தாங்கியிருக்காது.

அன்றிரவே 'ஜிடால்' என்னும் இலவச மென்பொருளில் இரண்டையும் ஒட்டினேன். மவுஸே வேண்டாம், ஒரே வரிக் கட்டளை. 'ஜிடால் மெர்ஜ்', புதுக் கோப்பின் பெயர், பிறகு இரு படங்களின் பெயர். ஒன்று மட்டும் கவனம். அளவு கிடைக்காத புள்ளியில் -32768 என்று இருக்கும். அதை ஒதுக்கச் சொல்ல மறந்தால், இரு படமும் சேரும் விளிம்பில் பின்னால் வரும் படத்தின் ஓட்டை முந்தையதன் நல்ல அளவை அழித்துவிடலாம். நிறையப் படங்கள் என்றால் 'பில்ட் வி.ஆர்.டி.' நல்லது. புள்ளிகளை நகலெடுக்காமல், எந்தப் படம் எங்கே என்று மட்டும் ஒரு சிறு கோப்பில் குறித்துவைக்கும்.

தம்பிகளே, கட்டளையை ஒரு மணி நேரத்தில் கற்றுவிடலாம். ஆனால் கணக்குப் போடுமுன் ஆற்றோரம் ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள்.