நுழைவுப் பரீட்சையும் நம் குலச் செல்வங்களும்

(ஆரணியில் கூடிய நமது சங்கக் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



பிள்ளை பத்தாம் வகுப்பில் தேறிக் கணிதப் பிரிவிற் சேர்ந்தவுடனே, நம் தறி வீடுகளில் ஒரு கேள்வி எழுகின்றது. ஜே.இ.இ. என்னும் நுழைவுப் பரீட்சையை எழுதுவதோ, விடுவதோ என்பதே அது. சிலர் அதனைக் குடும்ப கௌரவமாகக் கருதிக் கடன் வாங்கியேனும் பிள்ளையை அதிற் புகுத்துகின்றனர். வேறு சிலர், அது நம்மவர்க்கு ஏற்றதன்று எனப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் விலகுகின்றனர். இவ்விரண்டும் ஆராயாது செய்யும் காரியங்களே என்பது நமது துணிபு.

முதலாவது, இப்பரீட்சை கட்டாயமன்று. நமது மாநிலப் பொறியியற் கலந்தாய்வுக்கு 2007 முதல் நுழைவுப் பரீட்சை கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், பௌதிகம், இரசாயனம் ஆகியவற்றில் பெறும் மதிப்பெண்ணே போதும். அரசுப் பள்ளிகளிற் பயின்றோர்க்கு 2021 முதல் நூற்றுக்கு 7.5 இடம் தனியே உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியொன்று நம் ஆரணியிலேயே இருக்கின்றது. ஆதலின் இதனை எழுதாதவன் கல்வியை இழந்தவனல்லன்.

ஆயினும், இதனை எழுதாதார்க்குத் திறவாத கதவுகளும் உள. திருச்சிராப்பள்ளி என்.ஐ.டி.யில் மெயின் பரீட்சையின் தரவரிசைப்படியே இடம் அளிப்பர். அவ்விடங்களிற் பாதி தமிழ்நாட்டு மாணாக்கர்க்கே உரியது. 1959-இல் தோன்றிய சென்னை ஐ.ஐ.டி.யிற் பி.டெக். பயில விரும்புவோர், மெயினில் முன்னிற்கும் சுமார் 2,50,000 பேருள் ஒருவராகி, அட்வான்ஸ்டு என்னும் மேற்பரீட்சையும் எழுதுதல் வேண்டும். அங்கே பெண்களுக்கென 2018 முதல் கூடுதல் இடங்களும் வகுக்கப்பட்டுள்ளன. பெண்மக்களைப் பெற்றோர் இதனை நன்கு கவனிப்பாராக.

பரீட்சையின் இயல்பையும் அறிதல் வேண்டும். மெயினில் மூன்று மணி நேரத்தில் 75 வினாக்கள். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண் சேரும், தவறான விடைக்கு ஒன்று குறையும். 2021 முதல் தமிழிலும் எழுதலாம். ஆனால் மேற்பரீட்சை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடைபெறுகின்றது. ஜனவரி, ஏப்ரல் ஆகிய இரு பருவங்களிலும் எழுதினால் மேலான மதிப்பெண்ணே கொள்ளப்படும்.

இனி, முடிவு செய்யும் முறை யாது? பிள்ளையின் மனமே முதற் சாட்சி. சொல்லிக்கொடாத கணக்கொன்றை இரவிற் கண்விழித்துத் தானே முயல்பவனோ, விடையை மனனம் செய்து ஒப்புவிப்பவனோ என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் காண்பாராக. தேசியத் தேர்வு முகமையின் வலைத்தளத்திற் பழைய வினாத்தாள்கள் இலவசமாய்க் கிடைக்கின்றன. பதினோராம் வகுப்பில் முதற் சில பாடங்கள் முடிந்தபின் அவற்றுள் தான் கற்ற பகுதியைப் பிள்ளை முயன்று பார்க்கட்டும். மதிப்பெண் குறைவாயினும் ஆவல் வளருமாயின் எழுதுக. ஆவலே இல்லையாயின் விடுக. அதில் அவமானம் யாதுமில்லை.

எழுதத் துணிந்த வீட்டார் மூன்று காரியங்களை மறவாதிருத்தல் நன்று. பயிற்சிக் கூடத்தின் விளம்பரத்தை நம்பித் தறியை அடகு வைக்கலாகாது. பள்ளிப் பாடத்தை அலட்சியம் செய்தலும் ஆகாது, என்.ஐ.டி.யிற் சேரப் பொதுவாக பன்னிரண்டாம் வகுப்பில் நூற்றுக்கு 75 மதிப்பெண்ணாவது, தம் கல்வி வாரியத்தின் முதல் 20 சதமானத்துள் இடமாவது வேண்டும். மூன்றாவது, நம் மாநிலச் சாதிச் சான்று இதற்குப் போதாது. மத்திய அரசின் ஓ.பி.சி. ஒதுக்கீடாகிய நூற்றுக்கு 27 இடங்களிற் பங்குபெற, கிரீமி லேயர் அல்லாதார் என்னும் சான்றினை அவ்வாண்டுக்குரியதாகப் பெறுதல் வேண்டும். இச்சான்றின்றிக் கைக்கெட்டியது வாய்க்கெட்டாமற் போகும்.

மேலும் ஒரு வேண்டுகோள். தார் சுற்றவும் பாவு பிணைக்கவும் பிள்ளைகள் உதவுதல் நம் குடும்ப வழக்கம். அதனை யாம் இகழோம். ஆனால் எழுதுவதென முடிவான வீட்டில், இரவு இரண்டு மணி நேரத்தை அப்பிள்ளைக்கே விட்டுக்கொடுத்தல் வேண்டும். அவ்விரண்டு மணி நேரத்தைக் கொடுக்க இயலாத வீட்டுக்குச் சங்கத்தார் கைகொடுக்க வேண்டும். படிக்க ஓர் அறையும், விளக்கும், மேற்பார்க்க ஒரு பட்டதாரி இளைஞரும் நம்மால் ஏற்படுத்த இயலாதவை அல்ல.

பாவின் நீளம் அறியாமல் எந்த நெசவாளியும் தறியில் அமர்வதில்லை. அவ்வண்ணமே பிள்ளையின் விருப்பம், வீட்டின் சக்தி, பரீட்சையின் அளவு ஆகிய மூன்றையும் அளந்தபின் முடிவு செய்வோமாக. எழுதினும் எழுதாவிடினும் நம் பிள்ளைகள் கல்வியிற் சிறக்க இறைவன் அருள்புரிவானாக!

சுபம்.