வீட்டுப் பரலும் நமது நம்பிக்கையும்

(திருகோணமலைத் துறைமுகப் பகுதி அங்கத்தவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், சேமலாப நிதி என்று பேச வேண்டிய இடத்தில் இவர் நுளம்பைப் பற்றிப் பேசுகிறாரே என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் காய்ச்சலில் படுத்தால் முதலில் வெட்டுப்படுவது நமது நாட்சம்பளம். அதனால் இது சங்கத்தின் விடயம்தான்.

நம்மில் பலருடைய குடும்பங்கள் 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டங்களை விட்டு இந்தப் பக்கம் வந்தவை. உயரத்திலே லயத்தில் இருந்தவர்களுக்கு மலேரியாவின் கொடுமை இங்கே வந்துதான் விளங்கியது. அந்தி பட்டால் கதவைச் சாத்து, வலைக்குள் படு என்று பெரியவர்கள் பழக்கினார்கள். நல்ல பாடம். மலேரியா நுளம்பு இரவில் கடிப்பது. உள்நாட்டு மலேரியா நோயாளர் கடைசியாகப் பதிவானது 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியா அற்ற நாடு என்ற சான்றைத் தந்தது.

ஆறு மாதம் போகவில்லை. 2017 மார்ச்சில் பக்கத்திலே கிண்ணியாவை டெங்கு பிடித்தது. அந்த ஆண்டு நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் நோய் கண்டது. 400 பேருக்கு மேல் இறந்தார்கள். நாமோ இரவு வலைக்குள் பத்திரமாகப் படுத்தோம். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. ஒரு நோயில் நம்மைக் காத்த நம்பிக்கை, அடுத்த நோயில் நம்மை ஏமாற்றிவிட்டது.

இன்னொன்று, நுளம்பு என்றால் சாக்கடை என்று நினைக்கிறோம். என் வீட்டுப் பரலில் இருந்தது குழாய்த் தண்ணீர். சுகாதாரப் பரிசோதகர் டோர்ச் அடித்துப் பார்த்தபோது, “இது நல்ல தண்ணி ஐயா” என்று வாதாடினேன். உள்ளே குடம்பிகள் நெளிந்தன. நல்ல தண்ணீரைத்தான் அது தேடி வருகிறதாம். முட்டை பரலின் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. ஆகவே தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, வாரம் ஒரு தடவை சுவரைத் தேய்க்க வேண்டும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஆராய்ந்தவர்கள், கரையோரத்துப் பாழ்கிணறுகளிலும் கைவிட்ட தோணிகளிலும் உவர்நீரிலேகூட இது வளர்வதைக் கண்டார்கள். துறைமுகத்தைச் சுற்றி வாழும் நமக்கு அதைவிட வேறென்ன சொல்ல வேண்டும்!

வாசலில் வேப்பிலை கட்டுவதை நான் குறை சொல்லவில்லை. கட்டிய கையோடு பரலையும் தேயுங்கள். “வர வேண்டியது வரும்” என்று சொல்பவரும் தெருவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்கிறார்தானே?

1950களில் அமெரிக்காவில் காசநோய்க்கு இலவசமாக நெஞ்சுப் படம் எடுத்தும் எல்லாரும் வரவில்லை. ஏன் என்று ஹொக்பாம் என்பவர் விசாரித்தார். எனக்கும் இந்த நோய் வரலாம், நேரத்தோடு கண்டால் நன்மை என்று இரண்டையும் நம்பியவர்களில் 100க்கு 82 பேர் படம் எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் 21 பேர்தான். படிப்பறிவில்லாத சனம் என்று நம்மை ஏசுகிறவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

என் தம்பியின் கதையைச் சொல்கிறேன். மூன்று நாள் காய்ச்சல், பனடோல் போட்டான். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. சுகம் வந்துவிட்டது என்று நாங்கள் எல்லோருமே நம்பினோம். இன்னும் ஒரு நாள் லீவு கேட்டதற்கு, “காய்ச்சல் இல்லையே, பிறகென்ன?” என்றார் மேற்பார்வையாளர். வேலைக்குப் போனான். மத்தியானம் வயிற்றுவலி, வாந்தி, கைகால் சில்லிட்டது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்பதை ஆஸ்பத்திரியில்தான் கேள்விப்பட்டோம். பிழைத்தான். ஆனால் அந்த இரண்டு இரவுகளை அம்மா இன்னும் மறக்கவில்லை.

அதனால் காய்ச்சல் என்றால் பனடோலைத் தவிர வேறு வலிமாத்திரை வேண்டாம். அஸ்பிரின், இபுபுரூபன் இரத்தப்போக்கைக் கூட்டும். மூன்றாம் நாள் இரத்தம் சோதியுங்கள். அந்தச் சோதனை நாளுக்கும் காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு நாளுக்கும் சம்பளத்தோடு லீவு என்ற கோரிக்கையை இன்று தீர்மானமாக வைக்கிறேன். நாட்கூலி போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை எந்தத் துண்டுப்பிரசுரமும் வேலை செய்யாது.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு எல்லாரும் தேய்க்கிற பிரஷ்ஷோடு வாருங்கள். முதலில் என் வீட்டுப் பரல்.