ஒலிப்பொறியியற் கல்வியும் நம் இளைஞர்களும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

பள்ளி இறுதித் தேர்வு முடிந்தவுடன் நம் வீடுகளில் பேசப்படும் படிப்புகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆசிரியர் பயிற்சி, செவிலியர் பயிற்சி, காவல் துறை, அரசு எழுத்தர் பணி என்பவற்றோடு பேச்சு நின்றுவிடும். அவை நம்மைத் தலைநிமிரச் செய்த படிப்புகள்; அவற்றை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் நம் கை நன்கறிந்த ஒரு தொழில், கல்வி என்னும் வாயிலின் வழியே நம்மை அழைத்துக்கொண்டிருக்க, நாம் அதனைக் கவனியாது கடந்து செல்கிறோம். அதுவே ஒலிப்பொறியியல்.

நாஞ்சில் நாடு ஒலி வளம் மிக்க நாடு. வில்லுப்பாட்டும், நையாண்டி மேளமும், கணியான் கூத்தும் இங்கே கொடை விழாக்களில் இரவு முழுதும் ஒலித்தவை. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1908இல் பிறந்தது நாகர்கோவிலின் ஒழுகினசேரியில். இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30 அன்று தொடங்கப் பெற்றதும் இந்த நாகர்கோவிலிலேதான். சென்னைக்கும் தில்லிக்கும் கிடைக்காத அம்முதன்மை நம் ஊருக்குக் கிடைத்தது.

இந்த ஒலி வளத்தில் நமக்குரிய இடம் எது? பறையையும் மேளத்தையும் தலைமுறை தலைமுறையாகத் தாங்கியவர்கள் நம் முன்னோர். சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று மறுத்து நின்றவர்களும் நம்மவர்களே. அப்பறையை விடுதலைக் கருவியாக உயர்த்தி மேடையேற்றியவர்களும் நம்மவர்களே. இன்று கொடை விழாவிலும், திருமண வீட்டிலும், தேர்தல் கூட்டத்திலும் 'மைக் செட்டு' கட்ட வருவோரைப் பாருங்கள். பனையிலும் கம்பத்திலும் ஏறிக் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டும் இளைஞர்களில் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர். கம்பி இழுப்பது நம் கை. பெட்டி சுமப்பது நம் தோள். ஆனால் ஒலிக்கலவை மேசையின் முன் அமர்ந்து, எந்தக் குரல் உயர வேண்டும், எந்தக் கருவி தாழ வேண்டும் என்று முடிவு செய்யும் நாற்காலியில் நம்மவரைக் காண்பது அரிது. ஏறுகிறவனுக்கு நாட்கூலி, அமர்கிறவனுக்குத் தொழில் ஊதியம். இவ்விருவருக்கும் இடையே உள்ள தொலைவு கல்வியின் தொலைவே என்பதுதான் இன்று நாம் கூற வந்த செய்தி.

இத்தொலைவைக் கடக்க வேண்டுமாயின் முதலில் அத்தொழிலின் இயல்பை அறிய வேண்டும். ஒலிப்பொறியியல் என்பது ஒரே வேலையன்று. பாடலையும் பேச்சையும் பதிவு செய்வது ஒரு பிரிவு. பதிந்தவற்றைத் தக்க அளவில் கலந்து இணைப்பது மற்றொன்று. படப்பிடிப்புத் தளத்தில் நடிகர் பேச்சைப் பதிவு செய்வோர் உளர். காலடியோசை, மழை, கதவொலி ஆகியவற்றைத் தனியே உருவாக்கிப் படத்தில் சேர்ப்போர் உளர். மேடை ஒலியமைப்பு, வானொலி தொலைக்காட்சி ஒலிபரப்பு, அரங்குகளின் ஒலி அமைதியைத் திட்டமிடும் கட்டட ஒலியியல், கருவிகளைப் பழுது பார்க்கும் மின்னணுத் தொழில் எனக் கிளைகள் பல. திரைப்படம் ஒன்றையே இத்தொழிலின் முழு உலகம் என்று எண்ணுதல் ஆகாது.

இவை அனைத்திற்கும் அடிப்படை இயற்பியல். நம் ஊர்க் கொடை விழாவையே சான்றாகக் கொள்வோம். மேடையருகே ஓர் ஒலிபெருக்கியும், தெருக்கோடியில் 70 மீட்டர் தள்ளி மற்றொன்றும் கட்டப்பட்டுள்ளன. நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். மின்கம்பி வழியே குறிப்பலையோ கணப்பொழுதில் சென்றுவிடும். ஆகவே தெருக்கோடியில் நிற்பவர் அருகிலுள்ள பெருக்கியின் பேச்சை உடனே கேட்கிறார். மேடைப் பெருக்கியின் அதே பேச்சை ஐந்தில் ஒரு நொடி கழித்து மீண்டும் கேட்கிறார். சொல்லின் மேல் சொல் விழுந்து பேச்சு குழம்புகிறது. படியாதவர் ஒலியை இன்னும் கூட்டுவார், குழப்பமும் கூடும். படித்தவர் தெருக்கோடிப் பெருக்கிக்குச் செல்லும் குறிப்பலையை ஐந்தில் ஒரு நொடி தாமதப்படுத்துவார். இரண்டும் ஒன்றாகி, பேச்சு தெளிவடையும்.

இன்னொன்று. பெருக்கியின் திறனை இருமடங்காக்கினால் ஒலியும் இருமடங்காகக் கேட்கும் என்று பலர் எண்ணிப் பணத்தைக் கொட்டுகின்றனர். திறன் இருமடங்கானால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இருமடங்காகத் தோன்றுவதற்கு ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு திறன் வேண்டும். திறந்தவெளியில் தொலைவு இருமடங்காகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். இக்கணக்கை அறிந்தவர் குறைந்த கருவிகளைக் கொண்டு நிறைந்த ஒலி தருவார். வாடகைக்குக் கருவி எடுத்துத் தொழில் தொடங்கும் ஏழை இளைஞனுக்கு இவ்வறிவே முதலீடு.

அரங்கின் ஒலியை அளந்து கணக்கிட முடியும் என்று உலகுக்குக் காட்டியவர் வாலஸ் சாபின் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியர். அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டப்பட்ட விரிவுரைக் கூடமொன்றில் பேச்சு எதிரொலித்து, எவர்க்கும் விளங்காமற் போயிற்று. 1895இல் அதனைச் சீர்செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் அருகிலிருந்த நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வரச் செய்து, ஒவ்வொரு முறையும் சில மெத்தைகளைக் கூட்டி, ஓர் ஆர்கன் குழாயை ஒலித்து நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்தார். அறையின் கன அளவுக்கும், ஒலியை உறிஞ்சும் பொருள்களுக்கும், ஒலி அடங்கும் நேரத்திற்கும் உள்ள தொடர்பு அவ்வாறு கண்டறியப்பட்டதே. விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் அவரிடம் இல்லை. பொறுமையும் காதும் கணக்கும் இருந்தன. நம் சமுதாயக் கூடத்தில் கையைத் தட்டி எதிரொலியைக் கவனிக்கும் மாணவனும் அப்பாதையில் முதலடி வைத்தவனே.

இனி, எங்கே படிப்பது என்னும் வினாவுக்கு வருவோம். பத்தாம் வகுப்போடு நிற்க நேர்ந்தோர் அரசு தொழிற்பயிற்சி நிலையத்திலோ பாலிடெக்னிக்கிலோ மின்னணுவியல் பயிலலாம். அது ஒலித் தொழிலுக்கு உறுதியான அடித்தளம். மேல்நிலை வகுப்பில் சேர்வோர் இயற்பியலையும் கணக்கையும் கைவிடலாகாது. 'கடினம்' என்று அஞ்சி, நம் பிள்ளைகளை அப்பாடங்களிலிருந்து விலக்கி வைக்கும் வழக்கம் பலருடைய வாயிலை அடைத்திருக்கிறது.

சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் 1945இலேயே தொடங்கப்பட்ட பழம்பெரும் நிறுவனமாகும். அங்கே ஒலிப்பதிவு ஒரு தனிப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. புனேயில் 1960இலும் கொல்கத்தாவில் 1995இலும் தோன்றிய மத்திய அரசுத் திரைப்படக் கல்வி நிறுவனங்களில், பட்டம் பெற்றோர் நுழைவுத் தேர்வெழுதி ஒலித் துறையில் சேரலாம். தமிழக அரசுக் கல்லூரிகளில் பட்டியல் இனத்தவர்க்கு 18 விழுக்காடும், மத்திய அரசு நிறுவனங்களில் 15 விழுக்காடும் இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. விண்ணப்பிக்க நம்மவர் இல்லாமையால் இவ்விடங்கள் வெறுமையாகக் கிடக்குமாயின் அது நமக்குப் பெரும் இழப்பு.

உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் அண்மையில் ஒரு சான்று உண்டு. நம் இனத்தில் பிறந்து நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த கே.ஆர். நாராயணன் பெயரால் கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில் ஒரு திரைப்படக் கல்வி நிறுவனம் இயங்குகிறது. சாதிப் பாகுபாடும் இடஒதுக்கீட்டு மீறலும் அங்கே நடப்பதாகக் குற்றஞ்சாட்டி 2022 டிசம்பரில் மாணவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். 2023 ஜனவரியில் இயக்குநர் பதவி விலகினார். மாணவர்கள் ஒன்றுபட்டு நின்றதால் அக்குரல் நாடெங்கும் கேட்டது. நுழைவதும் போராட்டமே, நுழைந்தபின் மதிப்போடு பயில்வதும் போராட்டமே. 1920இல் அண்ணல் அம்பேத்கர் தொடங்கிய முதல் இதழுக்கு 'மூக்நாயக்', அதாவது ஊமைகளின் தலைவன் என்று பெயரிட்டதன் பொருளை இங்கே நினைவு கூர்தல் தகும்.

பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆறு மாதத்தில் ஒலிப்பொறியாளர் ஆக்குகிறோம் என்று பெருந்தொகை கேட்கும் தனியார் நிலையங்கள் பல. அவற்றுள் நல்லனவும் உண்டு. ஆனால் நிலத்தை அடகு வைக்கும் முன் நான்கு வினாக்கள் கேளுங்கள். தரும் சான்றிதழை எந்தப் பல்கலைக்கழகமோ அரசுத் துறையோ ஏற்கிறது? ஒரு கருவிக்கு எத்தனை மாணவர்? வாரத்தில் எத்தனை மணி நேரம் மாணவன் தன் கையால் பதிவு செய்வான்? சென்ற ஆண்டு படித்து முடித்தோர் இன்று எங்கே பணிபுரிகின்றனர்? விடை தரத் தயங்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள். அரசின் கல்வி உதவித்தொகையையும், 1974இல் அமைக்கப்பெற்ற தாட்கோ நிறுவனத்தின் பயிற்சி, கடனுதவித் திட்டங்களையும் முதலில் விசாரியுங்கள்.

இத்தொழிலில் மாத ஊதியம் பெறுவோர் சிலர். நிகழ்ச்சிக்கும் படத்துக்கும் ஒப்பந்தம் செய்துகொள்வோரே பலர். ஒரு மாதம் ஓய்வின்றி உழைப்பதும், மறுமாதம் வேலைக்குக் காத்திருப்பதும் உண்டு. நம் வீடுகளில் அக்காத்திருப்பைத் தாங்கும் சேமிப்பு இல்லை. எனவே பழுது பார்க்கும் திறனையோ, மேடை ஒலியமைப்பையோ துணைத் தொழிலாகக் கொண்டிருப்பது அறிவுடைமை. உழைத்த கூலியை எழுத்து மூலம் உறுதி செய்யும் பழக்கமும் வேண்டும்.

மாணவர்களே! காதே உங்கள் முதற் கருவி. மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 அதிர்வெண் வரை கேட்கும். அதன் மேல் எல்லை வயதினாலும் இரைச்சலாலும் குறைந்துகொண்டே வரும். 85 டெசிபல் ஒலியில் நாள்தோறும் எட்டு மணி நேரம் இருந்தால் செவிக்குத் தீங்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் தாங்கும் நேரம் பாதியாகும். மேளத்தருகிலும் ஒலிபெருக்கியருகிலும் உழைப்போர் காதடைப்பான் அணிவதை வெட்கமாகக் கருதலாகாது.

பயிற்சியை இன்றே தொடங்கலாம். கைபேசியே போதும். வில்லுப்பாட்டுக் குழு ஒன்றைப் பதிவு செய்து பாருங்கள். குடத்தின் முழக்கம் தாழ்ந்த அதிர்வு. வில்லின் மணியோசை உயர்ந்த அதிர்வு. இடையே புலவரின் குரல். ஒலிவாங்கியைக் குடத்தருகே வைத்தால் குரல் மறையும். குரலருகே வைத்தால் மணி மங்கும். ஒவ்வோரிடமாக வைத்துக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்பு நம் பாட்டிமாரின் ஒப்பாரியையும், நடவுப் பாட்டையும், தாலாட்டையும் அவர்கள் இசைவு பெற்று, ஊரும் நாளும் குறித்துப் பதிவு செய்யுங்கள். பயிற்சிக்குப் பயிற்சியும் ஆகும்; நம் வரலாற்றுக்கு ஆவணமும் ஆகும்.

நம்மால் இயலுமா என்று ஐயுறுவோர்க்கு அண்டை நாட்டுச் சான்றொன்று போதும். கொல்லம் மாவட்டத்தின் விளக்குபாறை என்னும் சிற்றூரில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர் ரசூல் பூக்குட்டி. மின்சாரம் எட்டாத அவ்வூரில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, கல் தொலைவு நடந்து பள்ளி சென்று, புனே நிறுவனத்தில் ஒலிக்கலை பயின்று 1995இல் வெளிவந்தார். 2009இல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் ஒலிக்கலவைக்காக ஆஸ்கார் விருதை இருவரோடு பகிர்ந்துகொண்டார். சென்னையில் பணியாற்றி 2008இல் மறைந்த எச். ஸ்ரீதர், 'மகாநதி', 'தில் சே', 'லகான்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' ஆகிய படங்களின் ஒலிப்பதிவுக்காகத் தேசிய விருதுகள் பெற்றவர். அப்பாடல்களை நம் பிள்ளைகள் மனப்பாடமாகப் பாடுவர். அவற்றைப் பதிவு செய்தவர் பெயரை அறியார். அறியாத தொழிலை எவ்வாறு விரும்புவர்?

ஆதலின் நம் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். மாலை நேரப் பாடசாலையில் இரண்டு ஒலிவாங்கிகளும், ஒரு சிறு கலவை மேசையும், ஒரு கணினியும் கொண்ட பயிற்சி அறை அமைய வேண்டும். அதில் மாணவியர்க்குச் சரிபாதி இடம் வேண்டும். கனமான பெட்டியைச் சொல்லிப் பெண்களை விலக்குதல் தகாது. ஆண்டுதோறும் அரசு நிறுவனங்களின் சேர்க்கை அறிவிப்பைத் தேடி, நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சியளித்து, சென்னைக்கும் புனேக்கும் செல்ல வழிச்செலவு தரும் ஒரு சிறு நிதி வேண்டும். ஏற்கெனவே 'மைக் செட்டு'த் தொழிலில் உள்ள நம் இளைஞர்களுக்கு வாரம் ஒரு நாள் இயற்பியலும் மின்னணுவியலும் கற்பிக்கும் வகுப்பு வேண்டும். அவர்கள் கை அறிந்ததை ஏடும் அறிந்துகொண்டால், சான்றிதழ் பெறும் வழி தானே திறக்கும்.

'வழி விலகு' என்னும் கூவலைக் கேட்டு ஒதுங்கி நின்ற தலைமுறை திருவிதாங்கூர் மண்ணில் வாழ்ந்தது. அம்மண்ணில்தான் பள்ளிக் கதவைத் திறக்கச் செய்ய அய்யன்காளி போராடினார். அக்கதவின் வழியே வந்த நாம் ஒலிக்கூடத்தின் கதவையும் தட்டுவோம். பொன்விழா மலர் வெளிவரும் நாளில், அவ்விழாவின் ஒலியமைப்பை நம் சங்கத்தில் பயின்ற ஓர் ஒலிப்பொறியாளர், மேசைமுன் அமர்ந்து நடத்திட வேண்டும் என்று விழைகிறோம்.