வீட்டு நீச்சல் குளமும் ஊர்க் குளமும்

கொல்கத்தா மாநகரின் தென்மேற்கில் உள்ள பெஹாலா, மேற்கே ஹூக்ளி ஆற்றுக்கும் கிழக்கே ஆதி கங்கைக்கும் இடைப்பட்ட தாழ்நிலப் பகுதியாகும். 1984-ஆம் ஆண்டில் தென்புறநகர் நகராட்சி மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டதை அடுத்து இது மாநகரின் எல்லைக்குள் வந்தது. வங்காளிகள் ‘புகுர்’ என வழங்கும் குளங்கள் இங்கு இன்றும் பல உள்ளன. எளிய மக்கள் அவற்றில் குளிக்கின்றனர்; பாத்திரம் துலக்குகின்றனர்; ரோகு, கட்லா மீன்களை வளர்க்கின்றனர். மழைநீர் மணிக்காலி, சுரியால் முதலிய கால்வாய்களின் வழியே வடிந்து ஹூக்ளியை நாடிச் செல்கிறது.

இத்தகைய பகுதியில் தனி இல்லங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நீச்சல் குளம் அமைக்கும்போது, கழிக்கப்படும் நீர் எங்கே செல்கிறது என்ற வினா எழுகிறது.

நீச்சல் குளத்து நீரில் நோய்க்கிருமிகளை அழிக்கக் குளோரின் சேர்க்கப்படுகிறது. ஒரு லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை இருப்பது குளிப்போருக்குத் தீங்கன்று. மீன்களின் நிலை வேறு. குளோரின் அவற்றின் செவுள்களைத் தாக்குகிறது. நன்னீர் உயிரினங்களைக் காக்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்துள்ள அளவுகோலின்படி, குறுகிய நேரத்திற்குக்கூட லிட்டருக்கு 0.019 மில்லிகிராமுக்கு மேல் குளோரின் இருத்தல் கூடாது.

ஒரு கணக்கைக் காண்போம். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் உடைய நீச்சல் குளம் 60,000 லிட்டர் நீர் கொள்ளும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் அதில் 120 கிராம் குளோரின் இருக்கும். ஐந்து கட்டா பரப்பும் இரண்டு மீட்டர் ஆழமும் உள்ள ஊர்க் குளத்தில் அந்நீர் முழுவதையும் திறந்துவிட்டால், குளோரினின் அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 0.16 மில்லிகிராம் ஆகும். இது மேற்கூறிய வரம்பைப் போல் எட்டு மடங்குக்கும் மேற்பட்டது. சேறும் பாசியும் குளோரினின் ஒரு பகுதியை ஈர்த்துக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால், நீரில் அம்மோனியா இருப்பின் உண்டாகும் குளோரமைன்கள் எளிதில் மறைவதில்லை. அவையும் மீனுக்கு நஞ்சே.

தடுக்கும் வழி கடினமானதன்று. நீரை வெளியேற்றுவதற்குச் சில நாள் முன்பே குளோரின் இடுவதை நிறுத்திவிட வேண்டும். வெயில் அதைச் சிதைக்கும். வெயிலைத் தாங்குவதற்கான சயனூரிக் அமிலம் கலந்திருப்பின் சிதைவு தாமதமாகும். அவசரமாயின் சோடியம் தயோசல்பேட் இடலாம். மேற்சொன்ன 120 கிராம் குளோரினுக்கு, மிகுதியாகக் கணக்கிட்டாலும், ஒரு கிலோகிராமுக்குக் குறைவான படிக உப்பே போதும். சோதனைக் கருவியில் குளோரின் இல்லை என்று உறுதியான பின்னரே நீரைத் தோட்டத்து மண்ணிலோ, மாநகராட்சியின் அனுமதி பெற்றுக் கழிவுநீர்க் குழாயிலோ மெல்ல விடலாம். ஆனால் குளோரின் நீங்கிய நீரை வாரக்கணக்கில் தேக்கி வைப்பது கொசு பெருக இடமளிக்கும்.

பாசியை நீக்கச் செம்பு உப்புகளைப் பயன்படுத்துவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். செம்பை வெயிலும் அழிப்பதில்லை, தயோசல்பேட்டும் அழிப்பதில்லை; அது அடிச்சேற்றில் சேர்ந்துகொண்டே போகும். எனவே அதனைத் தவிர்த்து, வடிகட்டியை முறையாக இயக்குவதும் இலைச் சருகுகளை அன்றாடம் அகற்றுவதும் நன்று. வடிகட்டியைக் கழுவிய நீரைத் தொட்டியில் தெளியவைத்த பிறகே வெளியேற்ற வேண்டும்.

பெஹாலாவுக்கே உரிய எச்சரிக்கையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரையான பருவமழையில் பல தெருக்களில் நீர் தேங்குகிறது. அக்காலத்தில் நீச்சல் குளத்தைக் காலி செய்தால் அந்நீர் அண்டை வீட்டாரின் முற்றத்தைத்தான் அடையும். வெளுப்புத்தூளையும் அமிலத்தையும் வெள்ளம் எட்டாத உயரத்தில், தனித்தனியே வைத்தல் வேண்டும். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும்.

சட்டமும் துணை நிற்கிறது. நச்சுப் பொருளை அறிந்தே நீர்நிலையில் விடுவதை 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது. ஐந்து கட்டாவும் அதற்கு மேலும் பரப்புள்ள, மீன் வளர்க்கத்தக்க நீர்நிலைகளைத் தூர்ப்பதை மேற்கு வங்க உள்நாட்டு மீன்வளச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் தூர்க்காமலேயே ஒரு குளத்தைப் பயனற்றதாக்க இயலும்.

ஒருவர் நுகர்வின் செலவு அதில் பங்கில்லாத பிறர்மீது விழுவதைப் பொருளியல் அறிஞர் ஆர்தர் பிகூ 1920-ஆம் ஆண்டிலேயே விரிவாக ஆராய்ந்தார். பெஹாலாவில் அச்செலவு, மீனை இழக்கும் குத்தகைதாரர்மீதும் வேறு குளியலிடம் இல்லாத குடும்பத்தின்மீதும் விழக்கூடும். ஒரு கிலோகிராம் உப்பும் சில நாள் பொறுமையும் அதைத் தவிர்க்கும். கட்டட வரைபடத்திற்கு ஒப்புதல் அளிக்கும்போதே நீச்சல் குளத்து நீரின் வடிகால் வழியையும் கேட்டறிவது உள்ளாட்சி அமைப்புகள் மேற்கொள்ளத்தக்க முதற்படியாகும்.